பந்து கரையூருக்கு வந்த வழி

பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ். யாழ்ப்பாணப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இவை மனப்பாடம். ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன் என்று தோட்டக் கிராமங்களிலிருந்தும் வலுவான அணிகள் வருகின்றன. ஆனாலும் உதைபந்தாட்டம் என்றதும் கத்தோலிக்கக் கரையூர்களின் பெயர்கள் முன்னால் வந்து நிற்பது தற்செயல் அல்ல என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றியது. இந்த ஊர்களுக்குப் பந்தைக் கொண்டுவந்தவர் யார்? எப்போது?

கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே திசையில்தான் கைகாட்டினார்கள்: சம்பத்திரிசியார் கல்லூரி. மரியன்னை பேராலயமும் ஆயர் இல்லமும் அயலில் இருக்கும் அந்த வளவில்தான் தொடக்கம், வெள்ளைக்காரச் சுவாமிமார்தான் பழக்கினார்கள் என்றார்கள். குருநகரிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம். ஆனால் வெள்ளைக்காரச் சுவாமிமார் என்றால் எந்த நாட்டவர்? பிரெஞ்சுக்காரரா, இத்தாலியரா, அயர்லாந்துக்காரரா? அவர்கள் ஊரில் அந்தக் காலத்தில் பந்து விளையாட்டு இருந்ததா? அந்த இடத்திலிருந்து தேடத் தொடங்கினேன்.

கல்லூரியின் வேர் 1850இல் இருக்கிறது. இத்தாலியரான ஆயர் ஒறாசியோ பெத்தாக்கினி அப்போது தொடங்கிய ஆங்கிலப் பள்ளிதான் பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1847இல், அமலமரித் தியாகிகள் சபையின் முதல் குருக்கள் இலங்கைக்கு வந்தார்கள். பிரான்சில் யூஜின் தெ மசெனோ தொடங்கிய சபை அது. வந்தவர்களுக்குத் தலைவராயிருந்த செமெரியா அடிகளார்தான் பெத்தாக்கினிக்குப் பின் யாழ்ப்பாணத்தின் ஆயரானார். அவருக்குப் பிறகு வந்தவர் பிரெஞ்சுக்காரரான பொஞ்ஞான் ஆண்டகை. இவர்கள் யாருக்கும் துடுப்பாட்ட மட்டை கையில் பழகிய பொருளாக இருந்திருக்காது.

இன்னொன்று. பள்ளி தொடங்கியபோது உதைபந்தாட்டத்துக்கு எழுதப்பட்ட பொது விதியே கிடையாது. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் விதிகளை வகுத்தது 1863இல். கொழும்பில் றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் தங்கள் துடுப்பாட்டச் சமரைத் தொடங்கியதோ 1879இல். ஆகவே எங்கள் பள்ளி அதில் ஆடிய பந்தைவிட மூத்தது. முதல் தலைமுறை மாணவர்கள் இலத்தீனும் ஆங்கிலமும் படித்தார்கள், செபம் சொன்னார்கள். விளையாடியிருந்தால் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் வார்ஓட்டமும்தான் விளையாடியிருப்பார்கள். 'முதல் சுவாமியார் கப்பலில் பந்தோடு வந்து இறங்கினார்' என்ற கதையை நான் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தால் அது நிற்காது.

1881இல் பள்ளி, புனித பத்திரிசியாரின் பெயரைத் தாங்கிய கல்லூரியாகிறது. அயர்லாந்தின் பாதுகாவலர் அவர். பிரெஞ்சுச் சபை ஒன்றின் கல்லூரிக்கு அயர்லாந்துப் புனிதரின் பெயர் வாய்த்ததிலிருந்தே வகுப்பறைகளில் யாருடைய குரல் ஓங்கியிருந்தது என்று ஊகிக்கலாம். ஆங்கிலம் கற்பிக்க ஆங்கிலம் பேசும் குருக்கள் வேண்டும். ஆங்கிலம் பேசும் கத்தோலிக்கக் குருக்களை உலகெங்கும் அனுப்பிய நாடு அந்நாளில் அயர்லாந்துதான்.

இந்த இடத்தில் எனக்கு வியப்பூட்டிய விடயம் ஒன்று உண்டு. அதே அயர்லாந்தில் 1884இல் கேலிக் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. ஆங்கிலேயரின் ஆட்டங்களுக்கு எதிராகத் தம் மண்ணின் ஆட்டங்களை மீட்பது அதன் நோக்கம். துடுப்பாட்டமும் றகரும் உதைபந்தாட்டமும் அந்நிய ஆட்டங்கள் என்று சொல்லி, அவற்றை ஆடுகிற உறுப்பினரை விலக்கி வைக்கும் அளவுக்கு அது போனது. அந்தத் தடை நீங்கியது 1971இல். இப்படி ஒரு மனநிலை வளர்ந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் கையில் துடுப்பைக் கொடுத்தார்கள். கேலிக் ஆட்டங்களை அவர்கள் இங்கே விதைக்கவில்லை. காரணம் அயலில் இருந்தது என்றே நினைக்கிறேன். பருத்தித்துறையில் மெதடிஸ்தரின் ஹாட்லி, நகரில் அவர்களுடைய மத்திய கல்லூரி, சுண்டிக்குளியில் அங்கிலிக்கரின் பரியோவான் கல்லூரி, வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரி. 1890இலிருந்து சைவர்களின் இந்துக் கல்லூரியும். ஒரே சோதனைக்குப் பிள்ளைகளை அனுப்பிய இந்தக் கல்லூரிகளுக்கு நடுவே தனி ஆட்டம் ஆடினால் எதிரணிக்கு எங்கே போவது?

மத்திய கல்லூரியும் பரியோவானும் 1904இல் மோதத் தொடங்கின. இன்று 'வடக்கின் பெருஞ்சமர்' என்று கொண்டாடப்படுவது அதுதான். அடுத்த ஆண்டு, 1905இல், கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை முழுமையானது. பத்திரிகைகளும் துடுப்பும் பந்தும் ஆட்டச் செய்திகளும் வேகமாக வந்திறங்கத் தொடங்கின. சம்பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதும் துடுப்பாட்டம் 1917இல் ஆரம்பமாகிறது. இரு கல்லூரிகளின் நிறங்களிலும் பொன் உண்டு. அதனால் 'பொன் அணிகளின் சமர்' என்கிறோம்.

1917ஆம் ஆண்டு எனக்கு ஓட்டக் கணக்கைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்க மிஷன் 1841இல் 'உதயதாரகை'யைத் தொடங்கியது. கத்தோலிக்கர் 1876இல் 'சத்தியவேத பாதுகாவலன்' நடத்தத் தொடங்கினார்கள். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் அச்சிட்ட கண்டனங்களையும் மறுப்புகளையும் வாசித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சண்டையில் தயவு தாட்சணியம் இருக்கவில்லை. ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவர் கோயில் வாசலை மற்றவர் மிதிக்காத காலம். அப்படிப்பட்ட இரு தரப்பின் பிள்ளைகள், 1915இல் வட்டுக்கோட்டையில் அதிபரான ஜோன் பிக்னலின் காலத்தில், ஒரே மைதானத்தில் வெள்ளை உடையோடு இறங்குகிறார்கள். எதிரணியின் நல்ல அடிக்குக் கைதட்டுகிறார்கள். இதைச் சமய ஒற்றுமை என்று பெரிய வார்த்தையால் சொல்ல நான் வரவில்லை. ஆனால் குருமார் பேசிக்கொள்ளாத நாளிலேயே பிள்ளைகள் ஒன்றாக விளையாடிவிட்டார்கள். எங்கள் வரலாற்று நூல்கள் கண்டனப் பிரசுரங்களுக்குத் தந்த இடத்தில் நாலில் ஒரு பங்கையாவது இந்த ஆட்டத்துக்குத் தந்திருக்கலாம்.

துடுப்பாட்டம் எப்படி வந்தது என்பது இவ்வளவில் தெளிவாகிறது. கல்லூரிகள் தங்களுக்குள் போட்டியிட்டு வளர்த்த ஆட்டம் அது. ஆனால் நான் தேடிப் போனது கரையோரத்து உதைபந்தாட்டத்தை. இதற்கு ஆவணம் தேடிப் போனால் சாம்பலில்தான் கால் வைக்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னால் லோங் அடிகளாரின் சிலை நிற்கிறது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை சம்பத்திரிசியாரின் றெக்ரராக இருந்தவர் அவர். அந்த நூலகத்தைக் கட்டியெழுப்பப் பாடுபட்டவர்களில் முன்நின்றவர். 1959இல் திறந்த நூலகம் 1981 மே 31 இரவில் தீ மூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. பழைய ஆட்டங்களின் செய்திகளைச் சுமந்த பத்திரிகைக் கட்டுகளுக்கு வேறு எங்கே போவேன்? 2005இலிருந்து இயங்கும் 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் கல்லூரி மலர்கள் சில உண்டு. அவற்றின் விளையாட்டு அறிக்கைகளைப் பொறுமையாக வாசித்தேன். அணித்தலைவர் பெயர், வெற்றி, தோல்வி, நிறச்சின்னம் பெற்றவர்கள், பயிற்றுவித்த ஆசிரியருக்கு நன்றி. இந்த அறிக்கைகளின் கண் கல்லூரி மதிலோடு நின்றுவிடுகிறது. பின்னேரம் பந்தோடு வெளியே போன பிள்ளை எங்கே போனான் என்பதை அவை எழுதவில்லை.

அவன் முதலில் போனது விடுதிக்கு. போடிங் பிள்ளைகளை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பண்ணைப் பாலம் வருவதற்கு முன் தீவகத்துப் பிள்ளை படகேறித்தான் நகருக்கு வர வேண்டும். தினமும் வந்து போவது நடவாத காரியம். கரம்பொன்னில் பிறந்து, ஊர்காவற்துறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் பிறகு 1920களில் சம்பத்திரிசியாரிலும் படித்த தனிநாயகம் அடிகளாரை நாம் தமிழாராய்ச்சிக்காக நினைக்கிறோம். அவருடைய ஊரிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அதே வழியில் படிக்க வந்தார்கள். வகுப்பு முடிந்து இரவுப் படிப்பு மணி அடிக்கும் வரை அவர்களுக்கு இருந்தது மைதானம் ஒன்றுதான். விடுமுறைக்குத் தீவுக்குத் திரும்பும் பிள்ளை ஆட்டத்தையும் கூடவே கொண்டுபோனான்.

அடுத்து அவன் போனது குருநகருக்கும் பாசையூருக்கும் நாவாந்துறைக்கும். அங்கே முதியவர்கள் சிலரோடு பேசினேன். இரவில் கடலுக்குப் போய் விடியக் கரைசேர்ந்து, மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சற்றுத் தூங்கி எழும்பினால் பின்னேரம் முழுவதும் கையில் இருக்கும் என்றார் ஒருவர். தோட்டக்காரனுக்குப் பின்னேரம் தண்ணீர் இறைக்கும் நேரம். கடற்காரனுக்கு அது ஓய்வு. நனைந்து இறுகிய கரை மணல் இலவச மைதானம், சப்பாத்தும் தேவையில்லை. துடுப்பாட்டத்துக்கு மட்டை வேண்டும், காலுறை வேண்டும், ஆடுகளம் வேண்டும். உதைபந்துக்கு ஒரு பந்து போதும். வெறுங்காலைக் குறைவாக எண்ண வேண்டாம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து ஆடிய இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 2–1 என்று மட்டுமே தோற்றார்கள்.

இதைக் கேட்ட பிறகு கழகங்களைத் திரும்பப் பார்த்தேன். அவை இரண்டு வகையாகப் பிரிந்தன. இளவாலைக் கழகம் அவ்வூர்ப் புனித ஹென்றியரசர் கல்லூரியின் பழைய மாணவர் அடையாளத்தை வெளிப்படையாகவே சூடியிருக்கிறது. கல்லூரி அணியிலிருந்து நேரே கிளைத்த மரபு அது. பாசையூரும் நாவாந்துறையும் அப்படி அல்ல. பாசையூரின் கோயில் அந்தோனியாருக்குரியது, கழகமும் அவர் பெயரில். நாவாந்துறையில் மரியாளுக்கும் நீக்கிலாருக்கும் கோயில்கள், கழகங்களும் அவர்கள் பெயரிலேயே. அங்கே பந்தைத் தாங்கியது பங்கு. திருநாளையொட்டிச் சுற்றுப்போட்டி, பங்கு இளைஞர்களே அணி, பூசை முடிந்து வரும் சனமே பார்வையாளர். கல்லூரிக்குப் போக வசதியில்லாமல் சிறுவயதிலேயே வள்ளம் ஏறியவனுக்கும் அந்த அணியில் இடம் இருந்தது. யாழ்ப்பாணக் கத்தோலிக்க உதைபந்தாட்டத்துக்குத் தாய் ஒன்று அல்ல என்பதே நான் வந்து சேர்ந்த முடிவு. விதிகளையும் விசிலையும் பதினொருவர் ஒழுங்கையும் கல்லூரி தந்தது. ஆட்டத்தை ஊரின் சொத்தாக்கியது கோயிலடியும் கடற்கரையும்.

இதில் சாதியைத் தொடாமல் போனால் பொய்யாகிவிடும். 1930ஐ அண்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வகுப்பில் சம ஆசனம் என்ற அரசு உத்தரவை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் பள்ளிக் கட்டிடங்களே கொளுத்தப்பட்டன. வாங்கில் ஒன்றாக இருப்பதற்கே இந்தப் பாடு. அந்தச் சமூகத்தில், கோல் அடிக்கத் தெரிந்தவனை விட்டுவிட்டு ஆடினால் தோற்போம் என்ற எளிய கணக்கு எத்தனையோ உபதேசங்களைவிடக் கூர்மையாக வேலை செய்திருக்கும். ஆட்டம் முடிந்து வீட்டு வாசலில் அந்தச் சமத்துவம் நின்றுபோனதும் உண்மைதான்.

1960களின் தொடக்கத்தில் அரசு பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது சம்பத்திரிசியார் தனியார் கல்லூரியாகவே நின்றது. மைதானத்தையும் அணிகளையும் காக்கும் சுமையில் பெரும்பங்கு பழைய மாணவர் தோளுக்கு வந்தது. பிறகு போர். 1995 ஒக்ரோபர் 30 இரவில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. 1999இல் துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தியபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பள்ளி அணிகளும் கழகங்களும் ஆடிய நிலத்தின் அடியில் அவை கிடந்தன. அரங்கு புதுப்பித்துத் திறக்கப்பட்டது 2016இல். அங்கே இன்று இறுதியாட்டம் பார்க்கப் போகிறவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

போரில் சிதறியவர்கள் ஆட்டத்தை விடவில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் கோடையில் அதே கல்லூரிப் பெயர்களோடு மோதிக்கொள்கின்றன. மைதானத்தைக் கண்ணால் காணாத பிள்ளைகளும் தகப்பன் படித்த கல்லூரியின் நிறத்தை அணிந்து ஓடுகிறார்கள். இவர்களிடம்தான் இந்தத் தேடலின் மிச்சம் கிடக்கிறது. இடம்பெயர்ந்தபோது காணி உறுதியோடும் ஞானஸ்நானத் துண்டோடும் சேர்த்து அணிப் படத்தையும் பலர் கொண்டுபோனார்கள். கதிரையில் றெக்ரர் சுவாமி, பக்கத்தில் அணித்தலைவர், முன்வரிசையில் தரையில் சம்மணமிட்ட சின்னவர்கள், நடுவே ஆண்டு எழுதிய பந்து. கல்லூரி அணிப் படங்களோடு கழக அணிப் படங்களும் வேண்டும். பாசையூரிலும் நாவாந்துறையிலும் வெறுங்காலோடு நின்று எடுத்தவை குறிப்பாக வேண்டும். அவற்றுக்கு எந்த ஆண்டு மலரும் இடம் கொடுக்கவில்லை. வைத்திருப்பவர்கள் பின்புறத்தில் பெயர்களைப் பென்சிலால் எழுதி, ஒரு பிரதியை 'நூலகம்' போன்ற ஓர் ஆவணகத்துக்கு அனுப்புங்கள். பெயர்களை இடமிருந்து வலமாகச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இந்த ஆண்டே கேட்டு எழுதிவிட வேண்டும்.