வழக்கம் தெரியாமல் கதை நிற்காது

ரூத்தின் கதை முடியப்போகும் இடத்தில் ஒருவர் தன் செருப்பைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுக்கிறார். எழுதியவர் அங்கே சற்று நின்று, மீட்கும் உரிமையைக் கைமாற்றும்போது இஸ்ரவேலில் முற்காலத்தில் இப்படிச் செய்வார்கள் என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போகிறார். அவர் காலத்து வாசகர்களுக்கே அந்த வழக்கம் மறந்துபோயிருந்தது. மாற்குவும் யூதரல்லாதவர்களை மனதில் வைத்து, பரிசேயர் கை கழுவாமல் சாப்பிடமாட்டார்கள், கிண்ணம் செம்புகளையும் கழுவுவார்கள் என்று நடுவில் ஒரு குறிப்பு எழுதுகிறார். ஞாயிறு பள்ளியில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர் அந்தக் காலத்து வழக்கத்தை எடுத்துச் சொன்னால், வேதம் தானே செய்ததைத்தான் அவரும் செய்கிறார்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, கருத்து போய்ச் சேர்ந்தால் போதாதா என்பார்கள். சில கதைகளுக்குப் போதும். யோனாவை விழுங்கிய மீனுக்கு முன்னுரை வேண்டியதில்லை. ரூத்தின் கதையில் வழக்கத்தை எடுத்துவிட்டால் கருத்தே மாறிவிடும். மோவாபிலிருந்து வந்த ஒரு விதவை, பெத்லகேமில் யாரோ ஒருவருடைய வயலில் அறுப்பவர்களுக்குப் பின்னால் கதிர் பொறுக்குகிறாள். விளக்காமல் விட்டால், இவள் திருடுகிறாள் என்றோ பிச்சை எடுக்கிறாள் என்றோதான் பிள்ளை நினைக்கும். வயல் ஓரத்தை ஒட்ட அறுக்கக் கூடாது, சிந்தியதைப் பொறுக்கக் கூடாது, அது எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியது என்கிறது லேவியராகமம். உபாகமம் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் சேர்த்துச் சொல்கிறது. ஆக ரூத் எடுப்பது அவளுக்குச் சட்டம் கொடுத்த பங்கு. அதையும் சும்மா வாங்கவில்லை. சாயங்காலம் வரை குனிந்து பொறுக்கி, தானே தட்டி எடுத்து, 20 லிட்டருக்குக் குறையாத வாற்கோதுமையைச் சுமந்துகொண்டு மாமியாரிடம் போகிறாள். வயலுக்குச் சொந்தக்காரரான போவாசின் நல்ல மனமும் இது தெரிந்தால்தான் புரியும். சட்டம் கேட்டது அறுக்காமல் விட்டதையும் சிந்தியதையும்தான். அவரோ அரிக்கட்டுகளிலிருந்தே வேண்டுமென்று சிலவற்றைச் சிந்தவிடச் சொல்கிறார். 'ஏழைக்குத் தானியம் கொடுத்த பணக்காரர்' என்று சுருக்கிவிட்டால் ரூத்தின் உழைப்பும் போய்விடும், அவளுடைய உரிமையும் போய்விடும்.

பிள்ளைக்குத் தெரிந்த நம்மூர் வழக்கத்தையே அந்த இடத்தில் வைத்துச் சொன்னால் என்ன என்று கேட்பவர்களின் வாதத்தில் வலு உண்டு. லூக்காவே அவர்கள் பக்கம் நிற்கிறார். கப்பர்நகூமில் நான்கு பேர் திமிர்வாதக்காரனை இயேசுவிடம் இறக்கிய கூரை, மாற்குவில் தோண்டித் திறக்கப்படுகிறது. மரக்கழிகள்மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசிய கலிலேயா வீட்டுத் தட்டைக் கூரைக்கு அது பொருந்துகிறது. லூக்கா அதையே ஓடு என்று எழுதுகிறார். ஓட்டு வீடுகளைப் பார்த்துப் பழகிய நகரத்து வாசகர்களுக்காக அப்படி எழுதியிருப்பார் என்பது அறிஞர் பலருடைய கருத்து. ஆனால் லூக்கா மாற்றியது கூரை வேய்ந்த பொருளை மட்டுமே; கூட்டம் வழிவிடாததால் மேலே ஏறிக் கூரையைப் பிரித்தார்கள் என்பது அப்படியே இருக்கிறது. இயேசு சீடர்களின் பாதம் கழுவும் கதையில் இந்த உபாயம் செல்லாது. நம்மூர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் காலைப் பெண்ணைப் பெற்றவர்கள் கழுவுவது மரியாதை, விழா. பெரிய வியாழன் அன்று கோயிலில் குருவானவர் கழுவுவதும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்த கால்களைத்தான்! இவற்றை மட்டும் பார்த்த பிள்ளைக்குப் பேதுரு ஏன் பதறி மறுக்கிறான் என்பது விளங்காது. புழுதித் தெரு, திறந்த செருப்பு, விருந்தாளியின் காலைக் கழுவுவது வீட்டின் கடைசி வேலையாளின் வேலை என்பதைச் சொல்லிவிட்டால் பேதுருவின் கூச்சம் தானே புரிந்துவிடும்.

இப்படி விளக்கினால் இயேசு எங்கோ தூரதேசத்து மனிதராகிவிடமாட்டாரா என்ற பயமும் சிலருக்கு உண்டு. ராட்சதரோடும் பேசும் கழுதையோடும் சுகமாகப் பழகும் பிள்ளைகளைத் தூரம் ஒன்றும் செய்வதில்லை. காரணம் புரியாத செயல்தான் அவர்களை முழிக்கவைக்கும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. களத்துமேட்டில் போவாசின் காலடியில் ரூத் போய்ப் படுத்த இரவு, பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு சொல்ல வேண்டியது. சொல்ல வேண்டியதையும் நடுவில் நிறுத்திச் சொன்னால் கதை செத்துவிடும். திமிர்வாதக்காரன் கதையென்றால், அந்த ஊர் வீடுகளுக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு இருக்கும், கூரை மண்ணால் மெழுகியது, மழைக்காலம்தோறும் பூசிச் சரிசெய்வார்கள் என்று தொடக்கத்திலேயே இரண்டு வாக்கியம் போதும். பிறகு அந்த நான்கு பேரும் படியேறட்டும்.