மரை மாறிய ஆணி

என் தந்தையார் விட்டுச் சென்ற உடைமைகளுள் 1966ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றும் உண்டு. பல்லாண்டுகள் கொட்டகையில் துருவேறிக் கிடந்த அதனைப் புதுப்பிக்க வேண்டுமென்னும் ஆவல் சென்ற ஆண்டு எழுந்தது. இலக்கணம் கற்பித்துப் பழகிய எனக்கு இரும்பு வேலை புதிது. எனினும், அவ்வண்டியின் ஓர் ஆணியோடு மட்டும் எனக்குப் பழைய பரிச்சயம் உண்டு.

1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் வெளிவந்த இவ்வண்டி, 1961 முதல் சென்னையில் செய்யப்பட்டது. அக்காலத்துப் புதிய கார்கள் பலவும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டு வந்தன. இதுவோ தனிச் சட்டத்தின்மீது உடற்பகுதிகளைப் போல்ட்டுகளால் பூட்டி அமைத்தது. தகடு எவ்வளவு நன்றாக இருப்பினும், போல்ட் பழுதானால் உடல் உறுதியாக நில்லாது.

அப்போல்ட்டுகள் அங்குலக் கணக்கைச் சேர்ந்தவை. பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய 3 நாடுகளும் 1948இல் ஒப்புக்கொண்ட மரையே அவற்றிற்குரியது. 5/16 அங்குல நுண்மரைப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், அங்குலத்திற்கு 24 மரைகள். கடைகளில் எளிதிற் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் விட்டத்தில் ஏறத்தாழ அதுவே. ஆனால் அதன் மரைகள் அங்குலத்திற்கு 20க்குச் சற்று மேல்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாற்றிச் செலுத்தினால் ஒன்றிரண்டு சுற்று இணங்குவதுபோல் ஏறும், பின்னர் முரண்டும். வலிந்து திருகினால் மரை அறுந்துபோகும்.

இதனை நான் நூலிற் கற்கவில்லை. 1989இல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். வண்டி அன்றுதான் பட்டறையிலிருந்து திரும்பியிருந்தது. ஆராயும் ஆசையில் அடியிலிருந்த ஒரு போல்ட்டைக் கழற்றினேன். அது கை நழுவிச் சாக்கடையில் விழுந்தது. கிடைத்த வேறொன்றைச் செலுத்தி, முழு வலிமையோடு திருகினேன். அது பாதியில் இறுகிற்று. உள்ளே பற்றவைத்திருந்த நட்டும் பெயர்ந்து சுழன்றது. மறுநாள் முதல் வண்டியில் கடகடவென்று ஓசை. வாப்பா காரணம் கேட்டார்கள். "பட்டறைப் பையன் சரியாக முடுக்கவில்லை போலும்" என்றேன். பட்டறைக்காரர் அவனது ஒரு வாரக் கூலியைப் பிடித்துக்கொண்டார் என்று பின்னர்க் கேள்வியுற்றேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அப்பையன் இன்று எங்கள் ஊரில் பெயர்பெற்ற டிங்கர். வேறு ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வண்டியை அவரிடமே சேர்த்தேன்.

டீசல் ஊற்றி இரண்டு இரவு ஊறவைத்தும் அந்தப் போல்ட் வெளிவரவில்லை. திருகத் திருக நட்டும் உடன் சுழன்றது. மூடிய சட்டத்தினுள் இருந்த அதனை எந்த ஸ்பானரும் எட்டாது. "மொத்தமாக வெல்டு வைத்துவிடலாமே" என்றார் அருகிருந்த ஒருவர். டிங்கர் மறுத்தார்: "வைத்துவிட்டால், நாளைக்கு இதைத் திறக்கிறவன் என்ன செய்வான்?"

சட்டத்தின் பக்கவாட்டில் சிறு சன்னல்போல் தகட்டை வெட்டி, பழைய நட்டை அறுத்தெடுத்தார். புது நட்டின் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து நீக்கினார். அது எரிந்தால் எழும் புகை நஞ்சு, பற்றும் செம்மையாக இராது. சரியான போல்ட் ஒன்றைத் துளைவழியே பூட்டி, நட்டை நேராக நிறுத்திய பின்னரே பற்றவைத்தார். ஆறியபின் 24 மரை டேப்பை ஓட்டித் துப்புரவு செய்தார். வெட்டிய தகட்டைத் திரும்பப் பொருத்தித் துருத்தடுப்பு வண்ணம் பூசினார்.

பின்னர், கழற்றிய போல்ட்டை வெளிச்சத்தில் காட்டினார். தலையில் 8.8 என்று பொறித்திருந்தது. "மில்லிமீட்டர் போல்ட், ஹஜ்ரத்" என்றார்.

"அன்று அதைப் போட்டவன் நான்தான்" என்றேன்.

"அன்றே தெரியும். எங்கள் பட்டறையில் இந்த வண்டிக்கு அங்குலப் போல்ட்தான் போடுவோம்."

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் ஓதுகிற பிள்ளை, நான் பட்டறைப் பையன். யார் நம்புவார்கள்?"

அவர் குரலில் கோபமில்லை. அதுவே எனக்குத் தாளவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரக் கூலியையாவது ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றேன். அவர் அதற்கு விடை சொல்லாமல் புதுப் போல்ட்டை என் கையில் வைத்தார். "முதல் நாலு சுற்றும் விரலாலேயே போடுங்கள். விரலுக்கு வராததை ஸ்பானரால் திருகக்கூடாது."

வண்டிக்கடியில் படுத்து, விரலாலேயே திருகினேன். தடையின்றி ஏறியது.

வாப்பா இன்றில்லை. அன்றிரவு என் தம்பியையும் பிள்ளைகளையும் அழைத்து அமர்த்தி, அந்தப் பழைய போல்ட்டை அவர்கள் முன் வைத்தேன். வாப்பா கேட்ட கேள்விக்கு 35 ஆண்டுகள் கழித்து உண்மையான விடை சொன்னேன்.