இரண்டாவது நேர்காணல்: இரு தரப்பும் கேட்க வேண்டிய கேள்விகள்



நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் வேலைக்கான முதல் நேர்காணலை முடித்து, சில நாட்களில் மீண்டும் நேரில் வருமாறு அழைக்கப்பட்டால், வீடே மகிழ்ச்சியில் நிறைந்துவிடுகிறது. வேலை கிடைத்தது போலத்தான் என்று உறவினர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் அந்த அழைப்பு வேலையின் உறுதி அன்று. முதல் நேர்காணலிலிருந்து முற்றிலும் வேறான ஒன்றுக்கு நாம் தயாராக வேண்டும் என்பதே அதன் பொருள்.

சென்னையில் கணக்குப் பதிவுத் துறையில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். மேசையின் அந்தப் பக்கம் விண்ணப்பதாரராகவும், இந்தப் பக்கம் தேர்வு செய்பவர்களில் ஒருவராகவும் அமர்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதல் நேர்காணல் பெரும்பாலும் தொலைபேசியிலோ காணொளியிலோ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இவருக்கு வேலை தெரியுமா என்பதே அங்கு கேள்வி. இரண்டாவது நேர்காணலுக்கு வருபவர்கள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று பேர். அவர்கள் அனைவருக்கும் வேலை தெரியும் என்பது முன்பே உறுதியாகியிருக்கும். ஆகவே அங்கு எழும் கேள்வி வேறு: 'இவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாமா? இவரோடு நாள்தோறும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா?'

இந்த இரண்டு கேள்விகளும் நமக்குப் புதியவை அல்ல. அல்கஸஸ் அத்தியாயத்தில் மத்யன் நகரப் பெரியவரின் மகள், நபி மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்திக்கொள்ளுமாறு தந்தையிடம் பரிந்துரைத்தபோது, இரண்டு தகுதிகளைச் சுட்டினார். ஒன்று வலிமை, மற்றொன்று நம்பகத்தன்மை. முதல் நேர்காணல் வலிமையை அளக்கிறது என்றால், இரண்டாவது நேர்காணல் நம்பகத்தன்மையை அளக்கிறது.

அந்த அறையில் என்னென்ன நடக்கும்? துறைத் தலைவர், மனிதவளத் துறையைச் சேர்ந்தவர், சில இடங்களில் நிறுவனத்தின் நிதி மேலாளர் என மூவர் வரை எதிரே அமர்ந்திருப்பார்கள். முதலில் கையில் ஒரு வேலையைக் கொடுப்பது வழக்கம். எங்கள் துறையில் ஒரு மாத வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் தந்து, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிக்கச் சொல்வார்கள். அதில் வேண்டுமென்றே ஒரு காசோலைத் தொகையை மாற்றி வைத்திருப்போம். கணக்கு முழுவதும் பொருந்திவிட்டதா என்பதைவிட, பொருந்தாத இடத்தை விண்ணப்பதாரர் மறைக்கிறாரா, சுட்டிக்காட்டுகிறாரா என்பதையே கவனிப்போம். 'இந்த ஒரு பதிவு எனக்குப் புரியவில்லை. மூல ஆவணத்தைப் பார்க்க வேண்டும்' என்று சொல்பவருக்கே என் மதிப்பெண்.

அடுத்து, முதல் நேர்காணலில் கேட்ட அதே கேள்விகளை மீண்டும் கேட்பார்கள். முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள், மேலாளரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்பன போன்றவை. மறந்துவிட்டுக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் முறை எழுதிய குறிப்பு அவர்கள் கையில் இருக்கும். உண்மையைச் சொன்னவருக்கு இரண்டாம் முறை சொல்வது எளிது. அலங்கரித்துச் சொன்னவர் தாம் என்ன சொன்னோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளத் திணறுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இனி, நாம் அவர்களிடம் பேச வேண்டியவை. 'நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?' என்று இறுதியில் கேட்பார்கள். நம் பிள்ளைகளில் பலர் மரியாதை கருதி 'ஒன்றுமில்லை' என்று எழுந்துவிடுகிறார்கள். தொழுகை நேரம், செய்ய மனம் ஒப்பாத வேலை, ஊதியம் ஆகியவற்றைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை. முதல் சந்திப்பில் பேசினால் மிக முன்கூட்டியதாகிவிடும்; பணியில் சேர்ந்த பிறகு பேசினால் முன்பே சொல்லியிருக்கலாமே என்பார்கள்.

எனக்கு வேலை மிகவும் தேவைப்பட்ட ஒரு காலம் இருந்தது. வாப்பா சவூதியில் ஒரு கடையில் நெடுங்காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நிறுவனத்தின் இரண்டாவது நேர்காணலில், கணக்காளர் பணி என்று விளம்பரத்தில் கண்டதற்கு அப்பால், அன்றாட வேலை என்ன என்று கேட்டேன். வட்டிக்குக் கடன் கொடுக்கும் அவர்களுடைய கிளை நிறுவனத்தின் வட்டிக் கணக்குகளை எழுதுவதும், தவணை தவறியவர்களுக்கு அபராத வட்டி கணக்கிடுவதுமே முதன்மையான பணி என்று சொன்னார்கள். அதைச் செய்ய என் மனம் இடம் தராது என்பதைப் பணிவோடு தெரிவித்து விடைபெற்றேன். அதன் பிறகு மூன்று மாதங்கள் வேலை இல்லை. வீட்டில் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனாலும் மாதத் தொடக்கத்தில் உம்மா மளிகைப் பட்டியலைச் சுருக்கி எழுதுவதைப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை.

பிறகு சென்ற இடத்தில் ஜும்ஆவைப் பற்றிப் பேசினேன். வெள்ளிக்கிழமை மதியம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வெளியே செல்ல வேண்டியிருக்கும் என்றும், அந்த நேரத்தை அன்று மாலையே ஈடுசெய்துவிடுவேன் என்றும் சொன்னேன். பொது மேலாளர் சிறிது நேரம் யோசித்தார். 'மாத இறுதி வெள்ளிக்கிழமையாக இருந்தால்?' என்று கேட்டார். 'அன்று காலை ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவேன்' என்றேன். 'அப்படியானால் சரி' என்று எழுதிக்கொண்டார். வேண்டுகோளை மட்டும் வைக்காமல், அதனால் ஏற்படும் இடைவெளியை எப்படி நிரப்புவோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பெரும்பாலோர் நியாயமாகவே நடந்துகொள்கிறார்கள்.

எல்லாரும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வணிகவியலில் முதுநிலைப் பட்டம் முடித்து ஈராண்டு அனுபவமும் பெற்ற என் தங்கை, சென்ற ஆண்டு ஓரிடத்தில் இரண்டாவது நேர்காணலுக்குச் சென்றாள். திருமணம் எப்போது, திருமணத்துக்குப் பின் கணவர் வீட்டார் அனுமதிப்பார்களா என்று கேட்டிருக்கிறார்கள். பெண்களிடம் மட்டுமே கேட்கப்படும் கேள்விகள் இவை. ஆட்சேர்ப்பில் பெண் என்பதற்காக வேறுபாடு காட்டலாகாது என்பது 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இடம்பெற்ற விதி. அவள் சட்டம் பேசவில்லை. 'அது இன்னும் முடிவாகவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பில் நான் எப்படி உழைத்தேன் என்பதை என் முந்தைய மேலாளரிடம் நீங்கள் விசாரிக்கலாம்; அவருடைய எண்ணைத் தருகிறேன்' என்றாள்.

அங்கிருந்து பதில் வரவில்லை. பெண் பிள்ளை வெளியே வேலைக்குச் செல்வதில் வாப்பாவுக்குத் தொடக்கத்திலிருந்தே தயக்கம் உண்டு. இதோடு நிறுத்திவிடச் சொல்வாரோ என்று நாங்கள் அஞ்சினோம். அவர் நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, 'நீ சொன்ன பதிலில் குறை ஒன்றும் இல்லை. அடுத்த இடத்துக்கு எழுது' என்றார். இரண்டு மாதங்களுக்குப் பின் வேறொரு நிறுவனத்தின் துறைத் தலைவர் அதே மேலாளரை அழைத்து விசாரித்திருக்கிறார். இன்று அவள் அங்கே பணியாற்றுகிறாள், அல்ஹம்துலில்லாஹ்.

ஊதியப் பேச்சும் இரண்டாவது நேர்காணலிலேயே வரும். அவர்கள் சொல்லும் ஆண்டுத் தொகை சிடிசி எனப்படும். நம் கைக்கு வரும் தொகை அதுவன்று. 6 லட்சம் ரூபாய் என்றால் மாதம் 50,000 என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். அடிப்படைச் சம்பளம் 3 லட்சம் என்றும், வருங்கால வைப்பு நிதி அதன் முழுத் தொகைக்கும் கணக்கிடப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்கான 12 சதவீதம், அதாவது 36,000 ரூபாய், அந்த 6 லட்சத்துக்குள்ளேயே அடங்கும். பணிக்கொடைக்காக ஏறத்தாழ 14,400, செயல்திறனைப் பொறுத்து ஆண்டு இறுதியில் தரும் தொகை 60,000 என்றால் அவையும் அதற்குள்தான். பிறகு நம் பங்கான 36,000 பிடிக்கப்படும். மீதியைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 37,800 ரூபாய்தான் வரும். தொழில் வரி இதில் சேரவில்லை. எனவே இந்தப் பிரிவுகளை எழுத்தில் தருமாறு கேட்பது பேராசை அல்ல. அந்தத் தொகையை நம்பி ஒரு குடும்பம் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது.

முந்தைய ஊதியத்தைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பார்கள். கூடுதலாக எதிர்பார்த்தால், 'என் ஊதியம் இவ்வளவு. இந்தப் பொறுப்புக்கு இவ்வளவு எதிர்பார்க்கிறேன்' என்று வெளிப்படையாகக் கேட்பதில் இழுக்கு இல்லை. நபி யூஸுஃப் (அலை) அவர்கள் மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம் தகுதியைத் தாமே எடுத்துரைத்தார்கள். தகுதியை உண்மையாகச் சொல்வது தற்பெருமை ஆகாது. அந்த வேலையில் இருப்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், முன்பு இருந்தவர் ஏன் விலகினார், நோட்டீஸ் காலம் எத்தனை நாட்கள், குறிப்பிட்ட காலம் விலகக் கூடாது என்ற ஒப்பந்தம் ஏதேனும் உண்டா என்பனவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடைபெறும்போது முடிவை எப்போது தெரிவிப்பார்கள் என்று கேட்டு வாருங்கள். அன்றே இரண்டு வரியில் நன்றி தெரிவித்து மின்னஞ்சல் அனுப்புங்கள். சொன்ன நாள் கடந்தால் ஒரு முறை மட்டும் பணிவோடு நினைவூட்டுங்கள். பணி ஆணை வந்தால் கையொப்பமிடும் முன் இஸ்திகாரா தொழுது, பெற்றோரிடமும் கலந்து பேசுங்கள். வேலை தேடும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஹலாலான, நிம்மதியான ரிஸ்கைத் தந்தருள்வானாக. ஆமீன்.