மிலாறும் நீலச் சுடரும்

கூரைக்கு மேல் புகை எழுந்தால் அவ்வீட்டில் உலை ஏறிவிட்டது என்று மகிழ்வது நம்மவர் வழக்கம். ஆயின் மலையகத்து லயங்களில் அப்புகை கூரைக்கு மேலே எளிதில் எழுவதில்லை. அது காம்பராவுக்குள்ளேயே சுழன்று, தகரத்தைக் கருக்கி, அடுப்பின் முன் குந்தியிருப்பவளின் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கிவிடுகின்றது.

ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த தாய் ஒருத்தியின் அடுப்பும் அத்தகையதே. விடியுமுன் எழுந்து அவள் அதை மூட்டுவாள். ரொட்டி சுட்டு, தேநீர் வைத்து, பெரட்டுக்கு ஓடுவாள். மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பின்னர் தலையில் மிலாற்றுக் கட்டுடன் லயத்துக்குத் திரும்புவாள். கவ்வாத்து வெட்டப்பட்ட தேயிலைச் செடிகளின் கிளைகளே மிலாறு. கவ்வாத்து நடைபெறாத காலங்களில் சவுக்கு, டர்பன்டைன் மரங்களின் உதிர்ந்த கிளைகளைத் தேடி அலைய வேண்டும். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் விறகு காய்வதில்லை. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே மிகுதி.

இவ்விறகு இலவசமாகக் கிடைக்கின்றது என்று கணக்கெழுதுவோர் கூறுவர். அவளுடைய மாலைப் பொழுதுக்கும், கழுத்து நோவுக்கும், அட்டைக்கடிக்கும் விலையிடாத வரையில் அது உண்மையே.

அவளுடைய மகன் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்று, 2019ஆம் ஆண்டு ஆசிரியப் பணியில் அமர்ந்தான். முதற் சம்பளத்தில் தாய்க்கு ஓர் எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் வாங்கினான். பெருவீதியிலிருந்து லயத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையில் அச்சிலிண்டரைத் தோளிலே சுமந்து சென்றான். தாய் அடுப்பைத் துடைத்து, பூவேலை செய்த துணியொன்றால் மூடி வைத்தாள். அடுத்த விடுமுறைக்கு அவன் வந்தபோதும் துணி அப்படியே இருந்தது. சோறு பழைய அடுப்பிலேயே வெந்துகொண்டிருந்தது.

"பார்வைக்கு வைக்கவா அம்மா இதை வாங்கித் தந்தேன்?" என்று அவன் சினந்தான்.

"தேத்தண்ணி வைக்க நல்லதுதான் சாமி. சோறு, பருப்பு எல்லாம் இதிலேயே வச்சா எத்தனை நாளைக்குக் காணும்? அப்புறம், இதுக்குப் பக்கத்தில குந்திக் குளிர்காய முடியுமா?" என்றாள் தாய்.

மகன் அதனை அறியாமை என்றே கொண்டான். அவன் படித்தவை அவனுக்குத் துணை நின்றன. வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சிறுவரின் நிமோனியா, முதியோரின் நாட்பட்ட சுவாச நோய், மாரடைப்பு, கண்புரை ஆகியவற்றுக்கு அப்புகையும் காரணமாகின்றது. இவற்றையெல்லாம் அவன் எடுத்துரைத்தான். தாய் இருமியவாறே கேட்டுக்கொண்டிருந்தாள், மறுத்துப் பேசவில்லை. மிலாற்றுக் குவியலையும் குறைக்கவில்லை.

2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. அதுவரை 1,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாயிருந்த 12.5 கிலோ சிலிண்டரின் விலை, 2022 ஏப்ரலில் கொழும்பில் 4,860 ரூபாயாயிற்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளமோ நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில்தான் 1,000 ரூபாயாகியிருந்தது. ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு ஒரு சிலிண்டருக்கு ஈடாயிற்று. காசு இருந்தவருக்கும் அது கிட்டவில்லை. நகரங்களில் வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையிலே காத்துக் கிடந்தன. மண்ணெண்ணெயும் கைகொடுக்கவில்லை. 2022 ஓகஸ்ட்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது.

அம்மாதங்களில் நகரத்து அறையில் தங்கியிருந்த மகன் பல இரவுகள் பாணுடன் படுத்தான். லயத்தில் உலை ஒருநாளும் நிற்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு ஓர் உண்மை புலனாயிற்று. அவன் அறியாமை என்று இகழ்ந்தது, நிலையில்லாத வருவாயில் வாழ்வோரின் முன்னெச்சரிக்கை. அவன் அடுப்பை வாங்கித் தந்த நாளை எண்ணினான். அவள் அது எரியக்கூடிய மாதங்களை எண்ணினாள்.

இத்தவறு ஒரு மகனுக்கு மாத்திரம் உரியதன்று. அரசுகளும் இதையே செய்துள்ளன. கானாவில் 2013ஆம் ஆண்டளவில் கிராமத்தவர்க்கு எரிவாயு அடுப்புகள் வழங்கப்பட்டன. பெற்றவருள் பெரும்பாலோர் சில காலத்திலேயே விறகுக்குத் திரும்பினர். 2016இல் தொடங்கிய இந்தியாவின் உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான ஏழை இல்லங்களுக்கு இணைப்பு அளித்தது. ஆயினும் மீள நிரப்பும் செலவு பலருக்குத் தடையாகவே நின்றது. சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் ஐவரில் நால்வருக்குத் தூய சமையல் வசதி இல்லை. அதன் பொருட்டு 2024 மே மாதம் பாரிஸில் கூடிய மாநாட்டில் 220 கோடி டொலர் வாக்களிக்கப்பட்டது. அப்பணம் எத்தனை அடுப்புகளை வாங்கும் என்பதிலும், அவற்றுள் எத்தனை மூன்றாம் ஆண்டிலும் எரியும் என்பதே தகுந்த வினாவாகும்.

மலையகத்தில் அவ்வினா சம்பளத்தோடும் வீட்டோடும் பிணைந்து கிடக்கின்றது. லயம் தோட்டத்துக்குரியது, புகைபோக்கிக்காகக் கூரையில் ஒரு துளையிடவும் நிருவாகத்தின் சம்மதம் வேண்டும். ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவில் அடுப்பே குளிருக்குப் போர்வையாகவும், நனைந்த உடையை உலர்த்தும் கொடியாகவும் பயன்படுகின்றது. நீலச் சுடர் உலையைக் கொதிக்கவைக்கும், காம்பராவுக்குக் கணப்பாகாது. ஆகவே தகுந்த ஊதியம், காற்றோட்டமுள்ள தனிவீடு, குளிருக்குக் காப்பு ஆகியன உடன் வராத அடுப்பு பூந்துணியின் கீழ் உறங்குவதில் வியப்பில்லை.

மகன் இப்போது வேறுவகையில் முயல்கின்றான். மாதந்தோறும் சிலிண்டர் நிரப்பும் செலவைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டான். இஸ்தோப்பின் ஓரத்தில், சம்மதம் பெற்று, ஒரு புகைபோக்கி அமைத்தான். அதன் கீழே, 1980களில் இந்நாட்டிலேயே உருவாக்கப்பட்டதும் விறகைச் சிக்கனமாக்குவதுமான 'அனகி' மண்ணடுப்பை வைத்தான். காலைத் தேநீரும் சோறும் எரிவாயுவில் ஆகின்றன. மழைநாளின் மாலையில் தாய் மண்ணடுப்பை மூட்டிக் கைகளை நீட்டிக் குளிர்காய்கின்றாள். இருமல் முற்றாக நீங்கவில்லை. இரவில் உறங்க விடுகின்றது.

சுவரோரத்தில் மிலாற்றுக் குவியல் முன்னையிலும் சிறிதாக இன்னும் இருக்கின்றது. அதை அகற்றும்படி அவன் இப்போது சொல்வதில்லை.