ஒன்றாம் வகுப்பு டீச்சரின் கைவேலை

ஒன்றாம் வகுப்பு டீச்சரின் மேசையில் புத்தகங்களைவிட மற்ற சாமான்கள்தான் அதிகம். டப்பா நிறையப் புளியங்கொட்டை. ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள். உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டிய அட்டைகள். நூலில் கோக்கப் பாசிமணி. ஒரு தகர மூடியில் உடைந்த பலப்பத் துண்டுகள். திருவாரூர் மாவட்டத்தில், சுற்றிலும் வயல் சூழ்ந்த ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமை ஆசிரியர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள, முதல் மூன்று வகுப்புகளும் இந்த டீச்சரிடம்.

தச்சர் இழைப்பதையும் நெசவாளர் பாவு ஓட்டுவதையும் கைத்தொழில் என்று நின்று பார்க்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதல் எழுத்தைச் சொல்லித்தருவதும் அப்படியொரு தொழில் என்று நமக்குத் தோன்றுவதில்லை. "அ, ஆ சொல்லித்தர என்ன பெரிய படிப்பு வேணும்?" என்று கேட்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது அந்த வகுப்பைப் பார்த்தேன்; பொங்கல் கழிந்து மறுபடியும் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்திலேயே மிக நுட்பமான வேலை ஒன்றாம் வகுப்பில்தான் நடக்கிறது என்று எனக்கு உறுதிப்பட்டது.

ஜூன் மாதத்தில் அவர் எழுத்தைத் தொடவே இல்லை. பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் அவர்கள் பாப்பா, குட்டி, சின்னவன். ஆதார் அட்டையில் இருக்கிற பெயர் தன்னுடையது என்றே சிலருக்குத் தெரியாது. அந்தப் பெயரைக் கேட்டால் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். ஒன்றுக்கு வந்தால் கேட்டுவிட்டுப் போக வேண்டும். செருப்பை வாசலில் வரிசையாக விட வேண்டும். பக்கத்தில் இருக்கிறவன் பேசி முடிக்கிறவரை காத்திருக்க வேண்டும். முதல் பாடங்கள் இவைதான். கடைசியில் சொன்ன பாடம் பிப்ரவரியிலும் முடியவில்லை.

ஒரு பையன் கேட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதான். டீச்சர் அவனைத் தூக்கவில்லை, மிட்டாயும் கொடுக்கவில்லை. கையில் பாசிமணியையும் நூலையும் கொடுத்துத் தன் காலடியில் உட்கார வைத்துவிட்டு வேறு பிள்ளையிடம் திரும்பிவிட்டார். "தூக்கினா நாளைக்கும் தூக்கணும் சார். கையில வேலை ஓடுனா அழுகை தன்னால நின்னுடும்" என்றார். நின்றது. மணி கோப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் சில அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். விரலும் கட்டைவிரலும் சேர்ந்து பிடிக்கிற பலம் வரும் முன்னே பென்சிலைத் திணித்தால், பிள்ளை அதை முஷ்டியால் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடி பிறகு மாறுவது கடினம். அதனால் ஜூன் முழுக்கக் களிமண் உருட்டுவது, காகிதம் கிழித்து ஒட்டுவது, மணி கோப்பது என்றே போயிற்று. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது விளையாட்டாகத் தெரியும். "இன்னும் ஒண்ணும் எழுதலையே டீச்சர்" என்று அம்மாக்கள் வந்து நின்றதும் அந்த மாதத்தில்தான்.

அடுத்தது கோடு. நின்ற கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு, அரைவட்டம், சுழி. சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளையின் நெஞ்சுயரத்துக்குக் கருப்பு வண்ணம் அடித்து, ஆளுக்கொரு கட்டம் பிரித்துவிட்டிருக்கிறார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் விட்டுச்சென்றவை இந்தக் கீழ்மட்டக் கரும்பலகைகள். பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடுகிற கம்பிப் பந்தலும் அந்தக் காலத்ததுதான். அந்த முறையின் அட்டைகளும் கற்றல் ஏணிப்படிகளும் போய்விட்டன, கரும்பலகை நிற்கிறது. அது நின்றது பெரிய நன்மை. நின்றுகொண்டு, தோளை வீசிப் பெரிதாக எழுதிப் பழகிய கைதான் நோட்டுக்குள் சிறிதாக எழுதும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது.

எழுத்துக்கு வந்தபோது அவர் அகரத்தில் தொடங்கவில்லை. எழுதிப் பார்த்தால் தெரியும், அ எவ்வளவு சிக்கலான வடிவம் என்று: சுழி, வளைவு, படுத்த கோடு, நின்ற கோடு எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் எடுத்தது ட. ஒரு நின்ற கோடு, ஒரு படுத்த கோடு. அடுத்து ப, அதற்கடுத்து ம. மகரத்தின் மேல் ஒரு புள்ளி. அவ்வளவுதான், படம் வந்துவிட்டது. மடம், பட்டம் வந்துவிட்டன. ஒரு துணைக்காலைப் பக்கத்தில் நிறுத்தினால் பாடம், மாடம் மாதிரி சொற்கள் எட்டிப் பார்க்கத் தொடங்குகின்றன. உயிரெழுத்துகளைப் பாட்டாகப் பாடிக்கொண்டே இருக்கிறார்கள். எழுதுவது மட்டும் பின்னால். மனப்பாடமாக 247ஐயும் ஒப்பிக்க வைத்துவிட்டு, ஒரு சொல்லைக்கூடப் படிக்கத் தெரியாத பிள்ளையை இரண்டாம் வகுப்புக்கு அனுப்புவதை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். நான்கே வடிவம் தெரிந்த பிள்ளை ஒரு சொல்லைத் தானே கண்டுபிடிப்பதற்கு அது ஈடாகாது.

கண்டுபிடிப்பது என்றுதான் சொல்ல வேண்டும். கரும்பலகையில் இருந்ததை ஒரு சிறுமி விரல் வைத்து ப, ட, ம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள், இன்னும் கொஞ்சம் வேகமாக. மூன்றாம் தடவை அவளுடைய வாய் சொன்னதை அவளுடைய காது கேட்டது. "படம்!" என்று கத்திவிட்டு, கம்பிப் பந்தலில் தொங்குகிற படத்தைக் காட்டினாள். சுவரில் இருக்கிற கோடு தன் வாயிலிருந்து வருகிற பேச்சு என்று ஒரு பிள்ளைக்குப் புரிகிற கணம் அது. அதன் பிறகு அவள் அன்று முழுக்கச் சுவரில், டப்பாவில், சுவரொட்டியில் எங்கே ட இருக்கிறது, எங்கே ப இருக்கிறது என்று தேடிக்கொண்டே திரிந்தாள்.

அந்தக் கணத்துக்கு முன்னால் வாரக்கணக்கில் காது வேலை நடந்திருக்கிறது. சொல்லைக் கைதட்டிப் பிரிப்பார்கள்: மாம், ப, ழம். வாயில் ஒரே ஓட்டமாக வருகிற சொல் துண்டு துண்டாக உடையும் என்பது ஐந்து வயதில் புதுச் செய்தி. எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது, எதில் முடிகிறது என்று விளையாட்டாகக் கேட்டுக் கேட்டுத்தான் காது பழகுகிறது.

தமிழ் எழுத்து கொடுக்கிற சோதனைகளை இந்த வகுப்பில் உட்கார்ந்தால்தான் உணர முடியும். நமக்கு மறந்துபோன கஷ்டம் அது. கொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கெ என்று எழுதும்போது கை கொம்பை முதலில் எழுதுகிறது. வாயோ ககர ஒலியில் தொடங்குகிறது. கொ இன்னும் மோசம், முன்னால் கொம்பு, பின்னால் கால். கொக்கு என்ற சொல்லில் ஒரு பையன் கொம்பைத் தாண்டிப் போய்க் காக்கு என்றே படித்தான். டீச்சர் திருத்தவில்லை. மூன்று பேரை எழுப்பி நிற்க வைத்தார். நடுவில் நிற்கிறவன் க. இடப்பக்கம் வருகிறவள் ஒற்றைக்கொம்பு, வலப்பக்கம் வருகிறவன் துணைக்கால். வலப்பக்கம் மட்டும் நின்றால் கா. இடப்பக்கம் மட்டும் நின்றால் கெ. இருவரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டால் கொ. கொம்பாக நிற்பவள் போய் இரட்டைக்கொம்பாக இன்னொருத்தி வந்தால் கோ. வகுப்பே கத்திக் கத்திப் படித்தது. இதை எந்தப் பயிற்சியில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "ஒரு வருஷம் ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்லியும் வரல சார், அப்ப தோணுச்சு" என்றார்.

உகர வரிசை அடுத்த மலை. கு, சு, து: ஒன்றின் வால் இன்னொன்றுக்கு ஒட்டாது. அவற்றைச் சொற்களோடு சேர்த்துப் பையப் பையப் பழக்குகிறார். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலானவற்றின் தனி வடிவங்களை எடுத்துவிட்டதால் அந்தச் சுமை மட்டும் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

மழைப் படத்துக்குக் கீழே ஒருத்தி மழ என்று எழுதியிருந்தாள். அவள் வீட்டில், ஏன், நம் எல்லார் வீட்டிலும் மழ பெய்கிறது, வாழப்பழம் தொங்குகிறது, குருவி பறந்துருச்சு. புத்தகத்தில் மட்டும்தான் குருவி பறந்துவிட்டது. டீச்சர் அந்தச் சிலேட்டில் பெருக்கல் குறி போடவில்லை. "நீ கேட்டதை அப்படியே எழுதிட்ட, கண்ணு. புத்தகத்துல எப்படி இருக்குன்னு பார்ப்பமா?" என்று சங்கிலிக்கொம்பை எடுத்து முன்னால் வைத்தார். இதைத்தான் தேர்ந்த கை என்கிறேன். பிள்ளையின் காது சரியாக வேலை செய்ததற்கு அந்தப் பிழையே சாட்சி. அதில் சிவப்பு மையைக் கொட்டினால், தன் அம்மா பேசுவது தப்பு என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். வாயைத் திறக்கவே யோசிக்கிற பிள்ளைகள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

எண் கதை வேறு. வரும்போதே பல பிள்ளைகளுக்கு இருபது வரை சொல்லத் தெரிந்திருந்தது. ஆனால் ஏழு புளியங்கொட்டைகளைக் கொடுத்து எண்ணச் சொன்னால், ஒன்றை இரண்டு தடவை தொட்டார்கள், ஒன்றைத் தொடாமலே தாண்டினார்கள். எண்ணி முடித்தவனிடம் "மொத்தம் எத்தனைடா?" என்றால் மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கினான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தக் குவியலுக்கும் உரியது என்பதை யாரும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. கொட்டைகளை நகர்த்தி நகர்த்தித்தான் அது வரும். கொட்டையைப் பரப்பி வைத்தால் கூடிவிட்டது, குவித்து வைத்தால் குறைந்துவிட்டது என்று நினைக்கிற வயது.

பத்தைக் கற்பிக்க ஈர்க்குச்சி. பத்துக் குச்சி சேர்ந்தால் ரப்பர் பேண்டு. அந்தக் கட்டைப் பிள்ளைகள் "முடி" என்கிறார்கள். நாற்றங்காலில் பறித்துக் கட்டுகிற நாற்று முடியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். டீச்சரும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். மூன்று முடி, இரண்டு குச்சி என்றால் முப்பத்திரண்டு. ஒருவன் இருபத்தொன்பதுக்கு அடுத்து இருபத்துப் பத்து என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்காமல், "சரிதானே? பத்துக் குச்சி ஆயிடுச்சே, இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார். அவனே ரப்பர் பேண்டைத் தேடி எடுத்தான். முப்பது பிறந்துவிட்டது.

இந்த வேலைக்குப் பின்னால் வேறு கைகளும் உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவை இங்கே சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் அம்மா விடியுமுன் வயலுக்குப் போய்விடுகிற வீடுகள் இவை. முன்பெல்லாம் பத்தரை மணிக்கு வாடிப்போகிற முகங்களை இப்போது பார்க்க முடிவதில்லை என்கிறார் டீச்சர். "உப்புமா சாப்பிட்ட பிள்ளைக்குத்தான் சார் உகரம் ஏறும்."

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் இப்படி மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கிற பள்ளிக்குப் பொருந்துகின்றன. மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, கூச்சமில்லாமல் அரும்புகளோடு உட்கார முடிகிறது. எனக்குக் குறை ஒன்றில்தான். பிள்ளையின் நிலையைக் கண்டுபிடிப்பது டீச்சரின் கண். அதைச் செல்போனில் பதிவேற்றுவதற்குப் போகிற நேரம் அந்தக் கண்ணிடமிருந்துதான் பிடுங்கப்படுகிறது. நெட்வொர்க் இல்லாத வயல்காட்டில் போனைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போய் நிற்கும்போது, உள்ளே முப்பது குச்சிகளை எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளையை யார் பார்ப்பது? பதிவு வேண்டும் என்றால் அதற்கு வேறு ஆள் போடட்டும். ஒன்றாம் வகுப்பு டீச்சரின் பார்வை ஒரு நிமிடமும் சிதறக்கூடாது.

வீட்டுப்பாடம் கேட்டு ஒரு அம்மா வாசலில் நின்றார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளை தினம் நாலு பக்கம் எழுதுகிறதாம். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லியிருக்கிறது. டீச்சர் நீதிமன்றத்தை இழுக்கவில்லை. "ராத்திரி படுக்கும்போது ஒரு கதை சொல்லுங்கக்கா, காலையில அவன் எனக்குச் சொல்லட்டும். அதான் ஹோம்வொர்க்" என்று அனுப்பி வைத்தார்.

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. யாரும் கேட்காத நோட்டு. பிள்ளைக்கு ஒரு பக்கம். மதிப்பெண் எதுவும் இல்லை. எங்கே தடுக்கிறது என்பது மட்டும். ஒரு பக்கத்தில் "ண, ன மாறுது." இன்னொன்றில் "கூட்டல் வருது, விரலை மறைச்சா வரல." அறுவடைக்கு அம்மாவோடு வெளியூர் போய்விட்டு வந்தவளின் பக்கத்தில் "மகரத்திலிருந்து மறுபடி." இந்தப் பிள்ளைகள் ஜூனில் இரண்டாம் வகுப்பாக இதே அறையில் இருப்பார்கள், நோட்டும் தொடரும். வகுப்புக்கொரு ஆசிரியர் இருக்கிற பெரிய பள்ளிகளில் இப்படியொரு நோட்டு அடுத்த ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும்.

நான் கிளம்புகிற வெள்ளிக்கிழமை மாலையில் கொக்குப் பையனின் பக்கத்தைத் திறந்து எழுதிக்கொண்டிருந்தார். "கொ இன்னும் நிலைக்கல. திங்கக்கிழமை காலையில திரும்ப மூணு பேரா நிக்க வைக்கணும். இந்தத் தடவை அவன்தான் கொம்பு."