செம்பு கற்கப் போன பிள்ளை

தாம்பரம்வாசிகளாகிய எங்களுடைய ஜீவனம் ஒரு செப்புக் கம்பியில் தொங்குகிறது. 1931-ஆம் வருஷத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரயில் விட்டார்கள். அன்று முதல், தலைக்கு மேலே ஓடும் அந்தக் கம்பியை நம்பியே இவ்வூரார் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்புகிறார்கள். அது எந்தக் கல்லிலிருந்து, யார் கையால் வந்தது என்று நான் யோசித்ததேயில்லை. என் தமையனார் குமாரன் யோசிக்கும்படி செய்துவிட்டான்.

பையன் உலோகவியலில் டிப்ளமா பெற்றவன். "சித்தப்பா, தாமிரம் உருக்கும் தொழிலில் பயிற்சிக்கு உத்தரவு வந்துவிட்டது. குஜராத்துக்குப் போக வேண்டும்" என்றான். அண்ணி கையிலிருந்த செம்பை 'ணங்'கென்று கீழே வைத்தாள். (அது எவர்சில்வர்தான், பெயரில் மட்டுமே செம்பு.)

"தூத்துக்குடியில் நடந்தது மறந்துபோயிற்றா?" என்றாள்.

யாருக்குத்தான் மறக்கும்? 2018-ஆம் வருஷம் மே மாதத்தில், உருக்காலையை மூடச் சொல்லித் திரண்ட ஜனங்கள்மீது போலீஸார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். அந்த மாதமே சர்க்கார் ஆலையை மூடி முத்திரையிட்டது. மூடியது சரியென்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்லுகிறேன். ஆனால் ஆண்டுக்கு 4 லக்ஷம் டன் செம்பு தரவல்ல ஆலை நின்றதும், செம்பை ஏற்றுமதி செய்துவந்த தேசம் இறக்குமதி செய்யும் தேசமாயிற்று. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொள்வது எளிதாயில்லை.

எப்படியோ போனான். தீபாவளிக்கு வந்தபோது சட்டையெல்லாம் பொறி பட்ட ஓட்டைகள். அண்ணி ஓட்டைகளை எண்ணினாள். நான் விஷயத்தைக் கேட்டேன்.

சுரங்கத்தில் வெட்டும் கல்லில் நூற்றுக்கு ஒரு பங்கு செம்பு இருந்தாலே அதிகமாம். கல்லை மாவாக அரைத்து, நீரில் மருந்து கலந்து நுரை எழுப்பினால், செம்புத் துகள் நுரையோடு மேலே மிதந்து வரும். சிலி முதலிய தேசங்களிலிருந்து கப்பலில் வரும் அந்தத் துகளை உலையிலிட்டு உருக்கிக் காற்றை ஊதினால், இரும்பு கசடாகப் பிரிகிறது, கந்தகம் புகையாகிறது. மிஞ்சுவது கொப்புளச் செம்பு. ஆறும்போது உள்ளிருக்கும் வாயு கிளம்புவதால், அம்மை கண்ட முகம்போல மேலெல்லாம் கொப்புளம்! பிறகு அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி 99.99 பங்கு சுத்தமாக்குகிறார்கள். தொட்டியின் வண்டலில் பொன்னும் வெள்ளியும் தங்கும் என்றான். அண்ணி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஆயினும் அவள் கேட்டது பொன்னைப் பற்றியல்ல.

"புகை எங்கே போகிறது?"

"வெளியே விடாமல் பிடித்துக் கந்தகத் திராவகமாக்குகிறார்கள், அம்மா. மூடியிலும் குழாய் இணைப்பிலும் கசிவு உண்டா என்று பார்த்துப் புஸ்தகத்தில் எழுதுவதுதான் என் வேலை."

"பார்க்காமலே எழுதிவிட்டால்?"

பையன் சற்று மௌனமாயிருந்தான். "மேஸ்திரியும் முதல் நாளே இதைத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆலைக்குப் பக்கத்திலுள்ள குடியிருப்பைக் காட்டி, 'என் பெண்டாட்டி பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்' என்றார்."

அண்ணி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவன் புறப்பட்ட அன்று மூட்டையில் இரண்டு டப்பா முறுக்கு இருந்தது. ஒன்று மேஸ்திரி வீட்டுக்காம்.