சினிமாப் பாட்டு நின்ற நேரங்கள்

கொல்லிமலையில் வானொலிக்குப் பஞ்சம் கிடையாது. பண்பலை அலை நேர்கோட்டில் செல்வது. எதிரே மேடு குறுக்கிட்டால் அங்கேயே நின்றுவிடும். சமவெளியில் ஐம்பது, அறுபது கிலோமீட்டரிலேயே இரைச்சலாகிவிடும் நிலையம், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை விளிம்பில் நூறு கிலோமீட்டர் தாண்டியும் தெளிவாகக் கேட்கும். மலை மடிப்புக்குள் ஒதுங்கிய ஊர்களுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. கொல்லிமலையின் ஒரு பகுதியான குண்டனி நாட்டில் கீழே வெளி தெரிகிற ஒரு சரிவில் நின்று, செல்பேசியில் இயர்போன் வயரைச் செருகி (அந்த வயர்தான் ஏரியல்) தேடினால், சமவெளி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பேசும்.

எண்ணை மாற்றினால் ஊர் மாறுகிறது, பாட்டு மாறுவதில்லை. காலையில் பக்தி, பிறகு புதுப்படப் பாட்டு, இரவானால் இளையராஜா. இரண்டு நிலையங்களில் ஒரே நேரத்தில் ஒரே பாட்டு ஓடுவதும் உண்டு. இதைக் குறையாகச் சொல்லத் தயங்கும் அளவுக்குத் தமிழ்த் திரையிசை வளமானது. மிளகு பறிக்கிறவருக்கும் மரவள்ளி பிடுங்குகிறவருக்கும் அது நெடுநாள் துணை. ஆனால் எந்தப் படத்துக்காகவும் இல்லாமல், தன் தெருவுக்காகவும் தன் கோபத்துக்காகவும் பாட்டுக் கட்டுகிறவர்கள் தமிழில் இருக்கிறார்கள். அவர்களை அறிமுகம் செய்து, யார் யாரிடம் கற்றார், எந்தப் பாட்டிலிருந்து எது கிளைத்தது என்று சொல்லிச் சொல்லி ஒலிக்கவிடும் ஒரு மணி நேரத்தைத்தான் தேடவேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு நிகழ்ச்சிக்கு உலகறிந்த முன்மாதிரி ஜான் பீல். 1939இல் லிவர்பூல் அருகே பிறந்தவர். 1967 செப்டம்பரில் பிபிசி ரேடியோ 1 தொடங்கியபோது சேர்ந்தவர், 2004 அக்டோபரில் பெரு நாட்டுப் பயணத்தில் இறக்கும்வரை அந்த மைக்கை விடவில்லை. 1976இல் ரமோன்ஸ் என்ற நியூயார்க் குழுவின் முதல் இசைத்தட்டை அவர் ஒலிபரப்பியதும், இனி இந்த இரைச்சலைப் போடாதே என்று நேயர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. பீலுக்கு அதில் மகிழ்ச்சி. பழைய நேயர்கள் சிலர் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பங்க் என்ற அந்த இசைக்கு நீண்ட பயிற்சி வேண்டியதில்லை. 1977 ஜனவரியில் பிரிட்டனில் வெளிவந்த ‘சைட்பர்ன்ஸ்’ என்ற ரசிகர் சிற்றிதழ், கித்தாரில் மூன்று கார்டுகளுக்கு விரல் வைக்கும் இடங்களை வரைந்து காட்டி, இனி நீங்களே ஒரு குழுவைத் தொடங்குங்கள் என்று வாசகர்களை அனுப்பிவைத்தது. அப்படித் தொடங்கியவர்களுக்கு வானொலியில் ஒரு வாசல் தேவைப்பட்டது.

1978இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரத்துப் பையன்கள் ஐந்து பேர், ‘தி அண்டர்டோன்ஸ்’ என்ற பெயரில் ‘டீனேஜ் கிக்ஸ்’ பாட்டைப் பதிவு செய்தார்கள். பெல்ஃபாஸ்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டெர்ரி ஹூலி அதை வெளியிட்டார். பீல் அந்தப் பாட்டைப் போட்டார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். அப்போது டெர்ரி நகரத்தின் பெயர் செய்தியில் அடிபட்டதெல்லாம் குண்டுவெடிப்புக்காகவும் ராணுவத்துக்காகவும்தான். அந்த ஊரிலிருந்து காதலும் துள்ளலுமாக ஒரு பாட்டு நாடெங்கும் அடுத்தடுத்து இரண்டு முறை ஒலித்தது.

பீலின் ரசனை பெரிது. ஆனால் அவருடைய புகழ்பெற்ற ‘செஷன்’களுக்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, ஒரு விதியும்தான். இசைத்தட்டுகளே ஒலித்துக்கொண்டிருந்தால் வாசிக்கிறவர்களின் பிழைப்பு போய்விடும் என்று பிரிட்டன் இசைக் கலைஞர் சங்கம் போராடி, ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் தட்டு சுழலலாம் என்று பிபிசிக்கு வரம்பு வைத்திருந்தது. மீதி நேரத்தை நிரப்ப ஆட்களைக் கூப்பிட்டு வாசிக்கவைத்தே ஆகவேண்டும். அதனால் தெரியாத குழுக்கள் மைடா வேல் ஸ்டுடியோவுக்கு வந்தன. ஒரே நாளில் பெரும்பாலும் நான்கு பாட்டுகளைப் பதிந்துவிட்டுப் போயின. சூசி அண்ட் தி பான்ஷீஸ் குழு 1977 நவம்பரில் அங்கே பதிவு செய்தபோது, அவர்களை ஒப்பந்தம் செய்ய எந்த இசை நிறுவனமும் முன்வந்திருக்கவில்லை. பீலின் காலத்தில் 2,000க்கும் மேற்பட்ட கலைஞர்கள் 4,000க்கும் மேற்பட்ட செஷன்கள் செய்தார்கள். தி ஃபால் என்ற மான்செஸ்டர் குழு மட்டும் 24 முறை வந்தது.

பங்க் பாடகர் ஒருவரே வானொலியில் உட்கார்ந்து தட்டு போட்டதும் நடந்திருக்கிறது. தி கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் 1990களின் இறுதியில் பிபிசி உலக சேவையில் ஒரு தொடர் நடத்தினார். கொலம்பியா, ஆப்பிரிக்கா, ஜமைக்கா என்று அவர் தேர்ந்த பாட்டுகள் எல்லை பார்க்கவில்லை. அவருடைய அப்பா லக்னோவில் பிறந்தவர் என்பது இந்திய நேயர் பலருக்குத் தெரியாத செய்தி. தமிழ் வீடுகள் பிபிசியின் ‘தமிழோசை’க்காகச் சிற்றலையில் தேடிப் பிடித்த அதே லண்டன்தான் அது.

விதி ஒன்று பாட்டுக்கு வழி திறந்த கதை நம் பக்கத்திலும் உண்டு, அதுவும் அழுத்தமாக. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசை ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி அதை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ வெளியேற்றினார். கேட்கிறவர்கள் பேசாமல் இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய வலுவான ஒலிபரப்பிகள் அந்த நிலையத்துக்குக் கிடைத்திருந்தன. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கித்தான் இந்திய வானொலியால் நேயர்களைத் திரும்ப அழைக்க முடிந்தது. கேஸ்கரின் தடை கண்மூடித்தனமானது, மக்களை மதிக்காதது. ஆனாலும் அந்தத் தடை விட்ட வெற்றிடத்தில்தான் வானொலி நிலையங்களில் மெல்லிசைப் பிரிவுகள் உருவாயின. படத்தோடு தொடர்பில்லாத பாடல்கள் நிலையத்துக்குள்ளேயே எழுதி, இசையமைத்து, பாடப்பட்டன.

இலங்கைத் தமிழர்களின் பொப்பிசையோ இதைவிடச் சுவையான கதை. அறுபதுகளின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து இளைஞர் கித்தாரை எடுத்துக்கொண்டு, வீட்டிலும் சந்தியிலும் பேசுகிற தமிழில் பாடத் தொடங்கினார். ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ போன்ற பாட்டுகளுக்குத் திரைப்படம் இல்லை, கதாநாயகன் இல்லை, பெரிய வாத்தியக் குழுவும் இல்லை. தாளம் பெரும்பாலும் பைலா. போர்த்துகீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்க வழியினரும் அந்தத் தீவுக்குக் கொண்டுவந்த துள்ளல் அது. அதைச் சிங்களத்தில் பெரிதாக்கிய வாலி பஸ்தியான் ஒரு போலீஸ்காரர். ஏ. ஈ. மனோகரன் அதே தாளத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார். ‘சுராங்கனி’யை இங்கே முணுமுணுக்காத வாயில்லை என்றானது, சிலோன் மனோகர் என்றே ஊர் அவரை அழைத்தது. 2018 ஜனவரியில் அவர் இறந்தபோது, அந்தப் பாட்டைப் பாடியவர் அவர்தான் என்று பல இளைஞர்கள் அன்றுதான் அறிந்தார்கள்.

எழுபதுகளில் இலங்கை அரசு இந்தியப் படங்கள், இதழ்கள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் உள்ளூர்ப் பாட்டுக்குக் கை கொடுத்தது. சென்னையிலிருந்து சரக்கு வரத்து குறையக் குறைய, உள்ளூரில் விளைந்ததைக் கேட்கக் காதுகள் திரும்பின.

லண்டன், தில்லி, கொழும்பு மூன்றிலும் நடந்தது ஏறக்குறைய ஒன்றே. எளிதாகக் கிடைக்கும் பாட்டு ஏதோ ஒரு காரணத்தால் நின்றபோதுதான் புதிய குரலுக்கு மைக் கிடைத்தது. இன்றைய தமிழ் வானொலியில் எதுவுமே நிற்பதில்லை. திரையிசைக் களஞ்சியம் வற்றாதது, கணினி தானாகவே அடுத்த பாட்டைப் போட்டுவிடும், விளம்பரதாரருக்கும் தெரிந்த பாட்டே வேண்டும். ஆகவே அந்த இடைவெளியை இனி யாராவது மனம் வைத்துத்தான் உண்டாக்கவேண்டும். விதி வந்து உண்டாக்கித் தராது.

ஒலிபரப்ப என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் நீளமானது. வடசென்னையின் கானாவிலிருந்தே தொடங்கலாம். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் அந்தப் பாட்டுக்குப் பலகையும் தீப்பெட்டியும் போதும். மூன்று கார்டு போதும் என்ற பிரிட்டன் பிள்ளைகளுக்கு முன்பே இங்கே அந்தத் துணிச்சல் இருந்திருக்கிறது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறை மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட குழு அது. பெயர் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பிறந்தது. கானா பாடகர்களோடு ராப் பாடகர் அறிவு நின்றார். எலெக்ட்ரிக் கித்தாருக்குப் பக்கத்தில் பறையும் சட்டியும் கட்டமோளமும் நின்றன. குழுவின் ஒரே பெண் குரலான இசைவாணியைப் பிபிசி 2020இல் தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. இட ஒதுக்கீடு, மலக்குழி மரணம், மாட்டுக்கறி என்று அவர்கள் எடுத்துப் பாடியவை திரையிசை தொடத் தயங்கியவை. அந்தப் பாட்டுகள் பரவியது மேடைகளாலும் யூடியூபாலும்தான்.

டென்மாவும் பாடகர் கபேர் வாசுகியும் அதற்கு முன் ‘குரங்கன்’ என்ற குழுவில் சேர்ந்து இயங்கினார்கள். மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பால் தமிழ் ராப்பை நிலைநிறுத்தினார்கள். ஹிப்ஹாப் தமிழா ஆதியின் ‘கிளப்புல மப்புல’ ஒரு பண்பலை நிலையத்தில் பாடிய பதிவாகத்தான் ஊருக்குத் தெரிந்தது. பெண்களைப் பழித்த அந்தப் பாட்டின் வரிகளை ஏற்க முடியாது. ஆனாலும் ஒரு நிலையம் அறிமுகமில்லாதவருக்கு மைக் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பக்கத்துச் சான்று இல்லை.

மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.வைப் பற்றித் தனி நிகழ்ச்சியே செய்யலாம். 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போருக்குத் தப்பி மீண்டும் லண்டன் சேர்ந்தவர். எலாஸ்டிகா என்ற இண்டி குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் கேட்டு, அவர்களுடைய இசைத்தட்டுக்கு அட்டைப்படம் செய்துகொடுத்து, அவர்களோடு சுற்றுப்பயணம் போய்ப் படம் பிடித்தவர். பிறகுதான் பாட வந்தார். 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’, 2007இல் வந்ததற்குத் தாயின் பெயரான ‘கலா’. இரண்டாவது தொகுப்பில் சில பாட்டுகளுக்குச் சென்னையில் நம் மேளக்காரர்களை வாசிக்கவைத்துப் பதிந்தார். அதே தொகுப்பின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டுக்கு அடியில் ஓடுவது ஜோ ஸ்ட்ரம்மரின் தி கிளாஷ் 1982இல் வாசித்த கித்தார். லண்டன் பங்க்கும் ஈழத்து அகதி வாழ்க்கையும் ஒரே தொகுப்பில் சந்தித்த இந்த இடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லி, இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டால் குண்டனி நாட்டுப் பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும்.

மலைக்கு இதெல்லாம் அந்நியம் என்று யாராவது சொன்னால் புறநானூற்றைக் காட்டவேண்டும். கொல்லி ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய 152ஆம் பாட்டில், ஊர் ஊராகச் செல்லும் இசைக்குழு ஒன்று காட்டில் ஒரு வேட்டைக்காரனைக் காண்கிறது. அவன் யாரென்று தெரியாமலே முழவையும் யாழையும் தூம்பையும் எடுத்து, எல்லரியும் ஆகுளியும் பதலையும் சேர்த்து இசைக்கத் தொடங்குகிறார்கள். தன் பெயர் பாட்டில் வரக்கேட்டு ஓரி நாணுகிறான். பிறகு கறியும் மதுவும் பொன்னும் மணியும் கொடுக்கிறான். அரண்மனை வாசலில் காத்துக்கிடக்காத பாணர்கள் வழியில் பாடியதை நின்று கேட்டவன் என்பதுதான் அந்தப் பாட்டில் அவன் பெருமை. செம்மேட்டில் சிலையாக நிற்பவனும் ஆடி மாதத்தில் விழா எடுக்கப்படுபவனும் அவன்தான்.

வழியும் இல்லாமல் இல்லை. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம் இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி. 2006 நவம்பரில் தொண்டு அமைப்புகளும் சமூக வானொலி நடத்த அனுமதி வந்தது. 100 வாட் ஒலிபரப்பி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வீச்சு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவாக்கியதாக இருக்கவேண்டும் என்பது விதி. திரைப்பாடலுக்கு உரிமைத் தொகை உண்டு. தன் பாட்டுக்குத் தானே உரிமையாளரான கலைஞரிடம் நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அகில இந்திய வானொலியோ ‘இளைய பாரதம்’ என்று இளைஞர்களுக்கு நேரம் ஒதுக்கிப் பழகிய நிறுவனம். ஸ்டுடியோவும் ஒலிப்பதிவாளர்களும் அதனிடம் உண்டு. வாரம் ஒரு இரவு, ஒரு மணி நேரம், சினிமாப் பாட்டு இல்லாமல் என்று ஒரு நிலைய இயக்குநர் முடிவு செய்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.

அதில் சென்னைக் குழுக்களும் ஈழத்துப் பொப்பிசையும் வரட்டும். சாமை வயலிலும் கோயில் கொடையிலும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் பாடுவதும் அதே மதிப்போடு, ஒரே நாளில் நான்கு பாட்டு என்று பீல் குழுக்களைப் பதிந்த அதே முறையில் பதிவாகட்டும். தொகுப்பாளருக்குப் பாடம் வேண்டுமென்றால் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் பாணி இருக்கிறது. அன்றைய இலங்கை வானொலியில் பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் மூவர் பெயரும் வந்துவிடும். அதைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறை கவிஞர்களையும் இசையமைப்பாளர்களையும் பிரித்தறியக் கற்றது. இன்றைய பண்பலையில் பெரும்பாலும் பெயர் வருவதே இல்லை. புதிய நிகழ்ச்சி முதல் வாரத்திலிருந்தே பாடியவர் பெயரையும் அவருடைய ஊரையும் சொல்லித் தொடங்கவேண்டும்.